வால் கஃப் பி.பி. கருவி: சராசரிக்குச் சரி, துடிப்புக்குத் துடிப்பு அளக்க ஆகாது

எலியின் வாலில் சின்னப் பட்டை மாட்டிக் காற்றேற்றி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு ஆய்வகங்களில் 'டெய்ல் கஃப்' என்றுதான் பெயர். ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் மேற்படிப்புப் படிப்பவர், பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் மூலிகை ஆய்வு செய்பவர், இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆய்வேடு எழுதுபவர், தென்காசி, நாகர்கோவில் பக்கம் எம்.ஃபார்ம். படிப்பவர் என்று யாராக இருந்தாலும், விலங்கில் பி.பி. பார்க்க வேண்டும் என்றதும் முதலில் விலை கேட்பது இதைத்தான். அறுவை வேண்டாம், எலி சாக வேண்டாம், அதே எலியை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இவ்வளவு வசதியையும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் இந்த மதிப்பீடு ஒரு குறிப்பிட்ட வேலையை மனத்தில் வைத்து எழுதியது: மனச்சோர்வு மருந்து கொடுத்த எலியில் ரத்த அழுத்தத்தின் குறுநேர ஏற்ற இறக்கம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. அந்த வேலைக்கு இந்தக் கருவி உதவாது. நாலு வாரம் வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தால் சராசரி ஏறுகிறதா என்பதே கேள்வியென்றால் 5க்கு 4 மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். குறுநேர ஏற்ற இறக்கம் என்றால் 5க்கு சுழியம். ஒரே கருவிக்கு இப்படி இரண்டு மதிப்பெண் ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைப்பில் 'பி.பி. வேரியபிலிட்டி' என்று எழுதிவிட்டு, வால் கஃப் ரீடிங் பத்தின் திட்ட விலக்கத்தை (சராசரியைச் சுற்றி எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) அட்டவணையில் போடும் வழக்கம் பரவிவருகிறது. அது ஆறு மாத உழைப்பையும் பல எலிகளின் உயிரையும் வீணாக்கும் தவறு.

பாபநாசம் அணையின் நீர்மட்டம் காலை நாளிதழில் ஒற்றை எண்ணாக வருகிறது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா என்று கணக்குப் போட அந்த எண் போதும். அன்றைக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் அலை எவ்வளவு உயரம் எழுந்தது, எத்தனை நொடிக்கு ஒரு தரம் வந்தது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா? வால் கஃப் தருவது அணை மட்டம். குறுநேர ஏற்ற இறக்கம் என்பது படித்துறை அலை.

அந்த அலைகள் என்னென்ன என்று பார்ப்போம். விழித்திருக்கும் எலியின் இதயம் நிமிடத்துக்கு 300 முதல் 450 தடவை வரை துடிக்கிறது. துடிப்புக்குத் துடிப்பு சிஸ்டாலிக் அழுத்தத்தை, அதாவது இதயம் சுருங்கும்போது எழும் மேல் எண்ணைக் குறித்து வைத்தால் அது நேர்கோடாக இருப்பதில்லை, மூன்று வகை அலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. மூச்சோடு சேர்ந்து வரும் வேக அலை 0.75 முதல் 3 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இத்தனை அலை). இதை எச்எஃப் என்பார்கள். ரத்தக் குழாயைச் சுருக்கி இதயத்தை முடுக்கும் பரிவு நரம்பும் ரத்தக் குழாயும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதால் எழும் நடு அலை 0.2 முதல் 0.75 ஹெர்ட்ஸ் வரை, எலியில் அதன் முகடு பெரும்பாலும் 0.4 ஹெர்ட்ஸை ஒட்டி வரும், இது எல்எஃப். அதற்கும் கீழே 0.02 முதல் 0.2 ஹெர்ட்ஸ் வரை விஎல்எஃப். ஹார்மோன்கள், குழாய்ச் சுவரின் தன்னியக்கம், எலியின் நடமாட்டம் எல்லாம் இதில் கலந்திருக்கும். நடு அலைக்கு மேயர் அலை என்று பழைய பெயர். சீக்மண்ட் மேயர் 1876இல் விவரித்தது. மனிதருக்கு அதே அலை 0.1 ஹெர்ட்ஸ் அருகில், அதாவது பத்து நொடிக்கு ஒன்றாக வருகிறது. மனிதருக்கான மென்பொருளில் இருக்கும் எல்லைகளை அப்படியே எலிக்குப் போட்டால் எல்எஃப் வர வேண்டிய இடத்தில் விஎல்எஃப் வந்து உட்காரும். இந்தப் பிழையை மட்டும் பல ஆய்வேடுகளில் திருத்த வேண்டியிருக்கிறது.

இப்போது வால் கஃப் கணக்கைப் பாருங்கள். பட்டையில் காற்றேற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிறகு 15 முதல் 20 நொடியில் மெல்ல இறக்குவார்கள். துடிப்பு 350 என்றால் 15 நொடியில் 87 துடிப்புகள் போய்விடுகின்றன. எல்எஃப் அலை 2.5 நொடிக்கு ஒன்று. ஒரே ரீடிங்குக்குள் ஆறு அலைகள் எழுந்து விழுந்துவிடுகின்றன. ரத்தம் மறுபடி நுழையும் அந்த ஒரு கணத்தில் அலை மேட்டில் இருந்ததா பள்ளத்தில் இருந்ததா என்பது முழுக்கத் தற்செயல். அடுத்த ரீடிங்குக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. நிமிடத்துக்கு ஒரு புள்ளி எடுத்தால் இரண்டு நிமிடத்துக்கும் மெதுவான அலையைத்தான் பிடிக்க முடியும். விஎல்எஃப் அலையிலேயே மிக மெதுவானதற்கு 50 நொடிதான் ஆகிறது. ஆக மூன்று வகை அலையும் கருவியின் பிடிக்கு வெளியே. பத்து ரீடிங்கின் திட்ட விலக்கத்தில் கருவிப் பிழை, வாலின் அசைவு, எலியின் பயம், உண்மையான அலை எல்லாம் சேர்ந்து கிடக்கும். எது எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியே கிடையாது.

'சராசரி மாறவில்லை, அதனால் மருந்து ரத்த அழுத்தத்தை ஒன்றும் செய்யவில்லை' என்று முடிவெழுதுபவர்கள் 1973இல் கௌலி, லியார்ட், கைட்டன் மூவரும் நாய்களில் செய்ததைப் படிக்க வேண்டும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் இருந்து அழுத்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகளைத் துண்டித்தார்கள். நாள் முழுக்கப் பதிந்து பார்த்ததில் சராசரி அழுத்தம் பெரிதாக ஏறிவிடவில்லை. ஏற்ற இறக்கம் மட்டும் தாறுமாறாகப் பெருகிப்போனது. சராசரியை ஒன்று காக்கிறது, அலையை வேறொன்று அடக்குகிறது. அலையை அடக்குவது பாரோரிஃப்ளெக்ஸ்: அழுத்தம் ஏறினால் இறக்கி, இறங்கினால் ஏற்றும் நரம்பு எதிர்வினை. மனச்சோர்வு மருந்துகள் கை வைப்பது அந்த ரிஃப்ளெக்ஸ் ஓடும் வழியெங்கும், செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்களால் நரம்புகள் செய்தி கடத்தும் சந்திப்புகளில்.

இந்த மருந்துகளுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உறவு புதிதல்ல. செரட்டோனினை 1948இல் பிரித்தெடுத்தவர்கள் மூளையைத் தேடிப் போகவில்லை. குழாயைச் சுருக்கும் பொருள் ரத்தத்தில் எது என்று தேடிய ரத்த அழுத்த ஆய்வாளர்கள். நம் சர்ப்பகந்தி வேரை ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த அனுபவத்தை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆங்கில இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அழுத்தத்தைக் குறைத்த அந்த மருந்தே சிலரைச் சோர்வில் தள்ளியது. அது நரம்பு முனைகளில் சேமித்திருந்த நார்அட்ரினலினையும் செரட்டோனினையும் காலி செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் சோர்வுக்கும் இந்தப் பொருள்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணமே வலுத்தது. ரெசர்பின் கொடுத்த எலி இமை தொங்கி, உடல் குளிர்ந்து ஒடுங்கி உட்காரும். மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் அதைத் தடுக்கும். மருந்தியல் ஆய்வகங்களில் நெடுங்காலம் ஓடிய சோதனை அது. சித்தக் கல்லூரிப் பிள்ளைகள் சர்ப்பகந்தி சேர்ந்த மருந்தை எலியில் பார்க்கும்போது, அழுத்தமும் மனமும் ஒரே கயிற்றில் கட்டியவை என்பதை மறக்கக் கூடாது.

மருந்துக்கு மருந்து வேலை மாறும். அமிட்ரிப்டிலின் நார்அட்ரினலினை நரம்பு முனை திரும்ப உறிஞ்சாமல் தடுக்கிறது. கூடவே ரத்தக் குழாய்ச் சுவரில், நார்அட்ரினலின் வந்து ஒட்டிச் சுருக்கத்தைத் தூண்டும் ஆல்ஃபா-1 ஏற்பிகளையும் மறிக்கிறது. எழுந்து நின்றதும் தலை சுற்றுவது இதனால்தான். அசிட்டைல்கோலின் ஏற்பிகளையும் மறிப்பதால் துடிப்பு கூடும். டெசிப்ரமினில் மறிப்பு வேலை குறைவு, உறிஞ்சல் தடைதான் முதன்மை. அது ஒரே நேரத்தில் இரண்டு எதிர்த் திசைகளில் இழுக்கும்: குழாய் ஓரத்தில் நார்அட்ரினலின் தேங்கிச் சுருக்கம் கூடும், மூளைத் தண்டில் அதே நார்அட்ரினலின் ஆல்ஃபா-2 ஏற்பி வழியாகப் பரிவு நரம்பின் ஓட்டத்தைக் குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டினால் சராசரி அசையாது. அலையின் வடிவம் அசையும். வென்லாஃபாக்சின் குறைந்த டோஸில் செரட்டோனின் பக்கம், டோஸ் ஏற ஏற நார்அட்ரினலின் பக்கமும் வேலை செய்யும். அதனால்தான் அழுத்தம் கூடுவது டோஸைப் பொறுத்திருக்கிறது. ஃப்ளூவாக்செடின் போன்ற செரட்டோனின் மருந்துகளில் இன்னொரு சிக்கல். செரட்டோனின் மூளைத் தண்டில் 1ஏ ஏற்பியைத் தொட்டால் பரிவு நரம்பு அடங்கும். நெஞ்சுக்குள் வேகஸ் நரம்பு முனைகளில் 3ஆம் வகை ஏற்பியைத் தொட்டால் துடிப்பு சட்டென்று இறங்கி அழுத்தமும் விழும். குழாயில் 2ஏ ஏற்பியைத் தொட்டால் சுருக்கம். இவ்வளவையும் கூட்டிக் கழித்து வரும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எந்த வழியில் மருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாலில் அளப்பதால் வரும் இன்னொரு குறையைக் கருவி விற்பவர்கள் சொல்வதில்லை, கையேட்டிலும் கண்ணில் படுவதில்லை. எலிக்கு வால் என்பது உடல் சூட்டை வெளியேற்றும் உறுப்பு. அந்தத் தமனியில் பரிவு நரம்பு முனைகள் அடர்ந்து கிடக்கின்றன. டெசிப்ரமின் கொடுத்தால் வால் தமனி சுருங்கிச் சிக்னல் மெலியும். அமிட்ரிப்டிலின் கொடுத்தால் ஆல்ஃபா-1 மறிப்பால் அது விரியும் பக்கம் சாயும். அதாவது சோதிக்கும் மருந்தே அளக்கும் இடத்தை மாற்றுகிறது. மருந்துக் குழுவில் ரீடிங் வராமல் கழித்தவை அதிகம், மருந்தில்லாமல் உப்புநீர் மட்டும் கொடுத்த சலைன் குழுவில் குறைவு என்றால் அந்த வேறுபாட்டையே அட்டவணையில் எழுதுங்கள். மறைத்துவிட்டுச் சராசரி போடாதீர்கள்.

அடுத்தது அடக்கி வைக்கும் குழாய். நெருக்கமான குழாய்க்குள் எலியைத் தள்ளி மூடுவதே ஒரு நெருக்கடி. துடிப்பும் அழுத்தமும் கூடும். மனச்சோர்வு மருந்து அந்தப் பயத்துக்கு எலி காட்டும் எதிர்வினையையே மாற்றக்கூடியது. மருந்துக் குழுவில் அழுத்தம் குறைந்து தெரிந்தால் ரத்தக் குழாய் தளர்ந்ததா, பயம் தளர்ந்ததா? பழக்கப்படுத்தினால் பயம் குறையும், முற்றாகப் போகாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் சராசரிக்கு இது நல்ல கருவிதான். ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவே. முதல் மருந்து டோஸுக்கு முன்பே 5 முதல் 7 நாள், நாளுக்கு 10 முதல் 15 நிமிடம் எலியைக் குழாயில் வைத்துப் பழக்குங்கள். தானாக உள்ளே நுழைய விடுங்கள், வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம். 200 கிராம் எலிக்கும் 400 கிராம் எலிக்கும் ஒரே குழாய் ஆகாது: உடலைத் திருப்ப முடியாத அளவு நெருக்கம், மூச்சு முட்டாத அளவு தளர்வு. மூக்குப் பக்க ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தரமும் பாருங்கள். காற்றேற்றும் பட்டை வாலின் அடியை ஒட்டி, உணர் பட்டை அதற்கு அடுத்து. பட்டை அகலம் குறைந்தால் அழுத்தம் பொய்யாகக் கூடிக் காட்டும். இடையில் பட்டை அளவை மாற்றினால் அதுவரை எடுத்ததோடு ஒப்பிட முடியாது.

வாலின் மேல்தோல் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரும்வரை சூடுதட்டில் வையுங்கள். 35ஐத் தாண்டினால் எலி முழுவதும் சூடேறி, துடிப்பு எகிறும். மூக்கோரம், கண்ணோரம் சிவப்பாகக் கசிந்தால் அது ரத்தம் அல்ல, நெருக்கடியில் சுரக்கும் நிறமி. அன்றைக்கு அந்த எலியை விட்டுவிடுங்கள். முதல் 5 சுற்றை எண்ணாதீர்கள். பிறகு 10 முதல் 15 சுற்று ஓட்டுங்கள். அசைவு விழுந்தவற்றைக் கழித்து 6 நல்ல ரீடிங்காவது தேறவில்லை என்றால் அன்றைய அளவே வேண்டாம். எந்த ரீடிங்கைக் கழிப்பது என்ற விதியை முன்கூட்டி எழுதி வையுங்கள். எந்த எலி எந்தக் குழு என்று தெரியாதவர் கழிக்கட்டும். மொத்தம் 30 நிமிடத்துக்கு மேல் குழாயில் வைக்க வேண்டாம். எலி இரவில் நடமாடும் விலங்கு, இரவில் அதன் அழுத்தம் கூடுதல். அதனால் எல்லாக் குழுக்களையும் ஒரே மணி நேரத்துக்குள், குழு மாற்றி மாற்றி அளக்க வேண்டும். காலையில் சலைன் குழு, சாயங்காலம் மருந்துக் குழு என்று வைத்தால் மருந்தின் விளைவு எது, கடிகாரத்தின் விளைவு எது என்று பிரிக்க முடியாது.

நம் பக்கத்துத் தட்பவெப்பத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் விலங்கறை ஏ.சி. நின்றால் வால் தானாகவே விரிந்துவிடும். சூடுதட்டே வேண்டியிருக்காது, சிக்னலும் அருமையாக வரும். அதைப் பார்த்து மகிழ வேண்டாம், அடிப்படை அளவே நகர்ந்திருக்கும். அறை 22 முதல் 24 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அளக்கும் நேரத்து வெப்பத்தைக் குறித்து வையுங்கள். கரண்ட் போய் வரும்போது ஆம்ப்ளிஃபயர் பூச்சியம் நகரும், யு.பி.எஸ். இல்லாமல் ஓட்டவே கூடாது, மறுபடி பூச்சியம் பார்க்காமல் தொடரவும் கூடாது. எர்த்திங் சரியில்லாத பழைய கட்டடத்தில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் துடிப்பை மூடும். கோயில் கொடை நாட்களில் வேட்டும் ஒலிபெருக்கியும் ஊரையே அதிர வைக்கும். எலியின் காது நம் காதைவிடக் கூர்மை, நமக்குக் கேட்காத 80 கிலோஹெர்ட்ஸ் அளவு ஒலி வரை அதற்குக் கேட்கும். பக்கத்து ஊர்க் கொடைத் தேதியைக் கேட்டுவைத்துக்கொண்டு அந்த மூன்று நாளை அட்டவணையிலிருந்து நீக்குங்கள். ஆனி ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வரும் காற்றில் சன்னல் ஒன்று அடித்துக்கொண்டிருந்தாலும் அதே கதைதான்.

கருவியைச் சரிபார்ப்பது எளிது, ஆனால் செய்வோர் குறைவு. டி வடிவ இணைப்பு ஒன்று, நம்பகமான மானோமீட்டர் (அழுத்தமானி) ஒன்று. 0, 50, 100, 150, 200 மி.மீ. பாதரசத்தில் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று வாரம் ஒரு தரம் பாருங்கள். 200இல் நிறுத்தி ஒரு நிமிடம் வைத்தால் எண் இறங்கக் கூடாது. இறங்கினால் பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பை ஓட்டை. இந்தப் பக்கத்துச் சூட்டில் ரப்பர் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். எலி சிறுநீர் கழித்துப் பட்டை நனைந்தாலும் சிக்னல் கெடும். ஒவ்வோர் எலிக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஸ்பிரிட் ஊற்றினால் ரப்பர் இன்னும் சீக்கிரம் போகும்.

சரி, அலையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் என்ன வழி? தமனிக்குள் போகத்தான் வேண்டும். ஸ்டீபன் ஹேல்ஸ் குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயும் கண்ணாடிக் குழாயும் பொருத்தி 1733இல் எழுதியதே இதற்கு முதல் சாட்சி: ரத்தம் இதய மட்டத்திலிருந்து 8 அடி 3 அங்குலம் ஏறி நின்று, துடிப்புக்குத் துடிப்பு 2 முதல் 4 அங்குலம் எழுந்து தாழ்ந்தது. அந்த அசைவைக் கண்ணாடிக் குழாய் காட்டியது. வால் பட்டை காட்டாது.

இரண்டு வழி உண்டு. மலிவானது கதீட்டர், அதாவது தமனிக்குள் செருகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். பிஇ-10 குழாயைப் பிஇ-50 குழாயோடு இணைத்துத் தொடைத் தமனி வழியாக வயிற்றுப் பெருந்தமனிக்குள் நுழைத்து, மறுமுனையைத் தோலடியில் கொண்டுபோய்ப் பிடரியில் வெளியே எடுப்பார்கள். அங்கே எலியின் பல் எட்டாது. உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைன். மயக்கத்துக்குக் கெட்டமின் சைலசின் என்றால் ஒன்றை மறக்க வேண்டாம்: சைலசினே ஆல்ஃபா-2 ஏற்பியைத் தூண்டும் மருந்து, பரிவு நரம்பை அது அடக்கும். அன்றைக்கே பதிந்தால் மனச்சோர்வு மருந்தின் விளைவா சைலசினின் மிச்சமா என்று தெரியாது. குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 விட்டு, எலி தன் கூண்டில் தன் பாட்டுக்கு இருக்கும்போது பதிய வேண்டும். குழாய்க்குள் ஒரு குமிழி, முனையில் ஒரு சிறு கட்டி இருந்தால் போதும், அலை மழுங்கிவிடும். சராசரி சரியாகவே காட்டும், வேக அலை மட்டும் காணாமல் போயிருக்கும். அதனால் ஏமாறுவது சுலபம். ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் சலைனைச் சட்டென்று தள்ளி நிறுத்தி, கோடு ஒன்றிரண்டு அதிர்வோடு திரும்புகிறதா, சோம்பி இழுத்துக்கொண்டு திரும்புகிறதா என்று பாருங்கள். சோம்பினால் குழாயைச் சுத்தம் செய்யும்வரை பதியாதீர்கள்.

விலை கூடியது டெலிமெட்ரி, அதாவது உடலுக்குள் வைத்த கருவி கம்பியில்லாமல் அழுத்தத்தை அனுப்பும் முறை. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பெருந்தமனிக்குள் முனை, வயிற்றுச் சுவரில் தைத்த டிரான்ஸ்மிட்டர், கூண்டுக்கடியில் ரிசீவர். 7 முதல் 10 நாளில் எலி தேறி, இரவு பகல் ஏற்ற இறக்கம் திரும்பியதும் தொடங்கலாம். எலிக்குப் பயமில்லை, குழாயில் அடைப்பில்லை, நாட்கணக்கில் பதியலாம். ஒரு கல்லூரி தனியாக வாங்கச் செலவு தாங்காது. இரண்டு மூன்று நிறுவனங்கள் கூடி வாங்கி, ஆய்வுகளை வரிசைப்படுத்திப் பயன்படுத்தினால் மட்டுமே கட்டும்.

பதிவு கிடைத்தபின் கணக்கு. நொடிக்கு 1000 புள்ளி எடுங்கள், 500க்குக் கீழே போக வேண்டாம். துடிப்புக்குத் துடிப்பு சிஸ்டாலிக் அழுத்தத்தை எடுத்து, சம இடைவெளியாக 20 ஹெர்ட்ஸில் மறுபடி அடுக்கி, மெதுவாகச் சாயும் போக்கை நீக்குங்கள். 4096 புள்ளி கொண்ட துண்டு என்றால் 204.8 நொடி, 0.02 ஹெர்ட்ஸ் அலை அதற்குள் நாலு தரமே வரும், அதற்கும் சின்னத் துண்டாக வெட்டி விஎல்எஃப் பேசக் கூடாது. எலி தேய்த்துக்கொண்ட, எழுந்து நின்ற இடங்களை வீடியோவைப் பார்த்து நீக்குங்கள். எல்எஃப் மாறினால் அது பரிவு நரம்பு வழியா என்று சோதிக்க, ஆல்ஃபா-1 ஏற்பியை மறிக்கும் பிரசோசின் கொடுத்துப் பாருங்கள். ஆல்ஃபா-1 மறிக்கப்பட்டால் எல்எஃப் பெரும்பாலும் சரிந்துவிடும். ஆனால் அமிட்ரிப்டிலினே ஆல்ஃபா-1 மறிப்பது என்பதால் அந்தக் குழுவில் இந்தச் சோதனைக்குப் பொருள் குறைவு. அந்த நுணுக்கத்தை வழிகாட்டிகளே தவறவிடுகிறார்கள். பாரோரிஃப்ளெக்ஸ் பார்க்க, அழுத்தமும் துடிப்பு இடைவெளியும் 3 அல்லது 4 துடிப்புக்குச் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் இடங்களைத் தேடிச் சரிவை எடுக்கலாம். ஒரே டோஸின் விளைவும் மூன்று வாரம் தினம் கொடுத்ததன் விளைவும் வேறு வேறு கேள்விகள். நோயாளிக்கு மருந்து பலிக்கவே வாரங்கள் ஆகும் என்பதால் இரண்டாவதை விட்டுவிட்டு ஆய்வு முழுமையடையாது. கரைப்பானை மட்டும் கொடுத்த குழு கட்டாயம் வேண்டும். குழாய் வழியே வயிற்றுக்குள் ஊற்றுவதே அழுத்தத்தைச் சிறிது நேரம் ஆட்டும்.

எந்த வழியானாலும் நிறுவன விலங்கு நெறிக்குழுவின் அனுமதிக்குப் பிறகுதான். 1998ஆம் ஆண்டு விதிகளின்படி போகும் அந்தப் படிவத்தில் 'குறுநேர ஏற்ற இறக்கம், வால் கஃப் முறை' என்று எழுதி வந்தால் குழுவில் இருப்பவர்கள் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்க வேண்டும். பதில் தராத கருவியில் எலியை வதைப்பதற்கு அனுமதி இல்லை என்று சொல்வது அவர்கள் வேலைதான்.

இதைப் படிப்பவர்களில் வீட்டில் யாராவது இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் இருப்பீர்கள். எலியில் பார்ப்பது வழிமுறையைத் தெரிந்துகொள்ள. அதை வைத்து மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்துவது தனித் தொல்லை. எழும்போது தலை சுற்றினால் உட்கார்ந்து ஒரு தரம், எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொரு தரம் பி.பி. பார்த்து எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். சிஸ்டாலிக் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அவர் டோஸையோ மருந்தையோ மாற்றக்கூடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு. டெமோ உங்கள் விலங்கறையில், உங்கள் எலியில், மதியம் இரண்டு மணிக்கு நடக்கட்டும். குளிரூட்டிய அரங்கில் அவர்கள் கொண்டுவந்த வீடியோவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். டயஸ்டாலிக் (கீழ்) எண்ணைக் கருவி அளக்கிறதா, சூத்திரத்தில் கணக்கிட்டுக் காட்டுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஒளி உணரி வகைகளில் சிஸ்டாலிக் மட்டுமே நம்பத்தக்கது. எண்ணை மட்டும் தரும் மென்பொருள் வேண்டாம், அலைவடிவத்தை அப்படியே சேமித்து வெளியே எடுக்க முடிய வேண்டும். சர்வீஸ் ஆள் சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ நெல்லைக்கு எத்தனை நாளில் வருவார், வரும் செலவு யாருடையது என்பது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பட்டையும் ரப்பர் பையும் அளவுக்கு மூன்று செட் கூடுதலாகக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள். ஆய்வின் நடுவில் பை கிழிந்து புதிது வர மூன்று வாரம் ஆனால் அந்த மூன்று வாரமும் எலிகளுக்கு மருந்து போய்க்கொண்டேதான் இருக்கும்.